ஐஎஸ்டி என்றால் எந்த ஊர் நேரம்? டேட்யூட்டிலோடு ஆறு வருஷம்

புது வேலையில் சேர்ந்த நண்பன் நேற்று கேட்டான்: “பைதான்ல தேதி படிக்க டேட்யூட்டில் போடலாமாடா?” எழுத்தில் வரும் தேதியை நிரலுக்குப் படித்துத் தரும் பைதான் நிரல்மொழி நூலகம் அது. ஆறு வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா?

எவ்வளவு கோணலான தேதியைக் கொடுத்தாலும் படித்துவிடும். 03/04 என்று கொடுத்தால் மட்டும் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். டேஃபர்ஸ்ட் (நாள்தான் முதலில்) என்று சேர்த்தால் திருந்திவிடும். சரி, அது பெரிய குறையில்லை.

என் எரிச்சலெல்லாம் ஐஎஸ்டி, அதாவது நம்ம இந்திய நேரத்தின் சுருக்கப் பெயர் மேல்தான். “09:00 ஐஎஸ்டி” என்று என் லேப்டாப்பில் கொடுத்தால் அழகாக +5:30 வருகிறது, அதாவது உலகப் பொது நேரமான யுடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதே நிரல் யுடிசியில் ஓடும் சர்வரில் ஐஎஸ்டியை விழுங்கிவிட்டு வெறும் 9 மணியைத் தருகிறது. இயந்திரத்தின் உள்ளூர் நேரத்துக்கு அந்தப் பெயர் இருந்தால்தான் அதற்குப் புரியுமாம். அந்த 9 மணியை சர்வர் யுடிசி என்று எடுத்துக்கொண்டதால், ஒரு வாடிக்கையாளருக்குக் காலை 9 மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் மதியம் 2:30க்குப் போனது. திட்டு வாங்கியது நான். எச்சரிக்கை கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தது. நிரலின் பதிவேடான லாகில் ஒரே ஒரு வரி: பெயர் தெரிகிறது, புரியவில்லை, வருங்காலப் பதிப்பில் இது பிழையாகிவிடும் என்று. பல வருஷமாக அந்த வரி இருக்கிறது. வருங்காலம்தான் வந்தபாடில்லை.

நியாயமாகப் பார்த்தால், ஐஎஸ்டி இஸ்ரேலுக்கும் உண்டு (+2), அயர்லாந்தின் கோடைக்கும் உண்டு (+1). தெரியாததை ஊகிக்காமல் விடுவது சரிதான். அப்படியானால் என் லேப்டாப்பில் மட்டும் ஏன் ஊகிக்கிறது? டப்ளினில் ஓடினால் டப்ளின் நேரம், ஜெருசலேமில் ஓடினால் ஜெருசலேம் நேரம். ஊருக்கு ஒரு பேச்சு.

தீர்வு ஒரு வரிதான். டிஇசட்இன்ஃபோஸ் என்ற இடத்தில், ஐஎஸ்டி என்றால் ஏசியா/கொல்கத்தா (கணினி உலகில் இந்திய நேர மண்டலத்தின் பெயர்) என்று சொல்லிவிட வேண்டும். அதை எழுதப் போன இடத்தில் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. பைதானோடு வரும் நேர மண்டல நூலகமான ஜோன்இன்ஃபோவில் ஏசியா/கொல்கத்தாவுக்கு 1900ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். +5:21:10 என்று வரும், சுருக்கப் பெயர் எம்எம்டி. மெட்ராஸ் நேரம்! அந்தக் காலத்து ரயில்வே நேரம் அதுதான். 1906இல்தான் 5:30 வந்தது. கொல்கத்தா போர்டு மாட்டிய வீட்டுக்குள் நம்ம மெட்ராஸ் உட்கார்ந்திருக்கிறது. அன்று மதியம் வேலையே ஓடவில்லை, பழைய தேதிகளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பனிடம் “வேணாம்டா, தேதி எந்த வடிவத்துல வரும்னு தெரிஞ்சா ஸ்ட்ரிப்டைமே போதும்” என்று சொல்லிவிட்டேன். வடிவத்தை நாமே சொல்லித் தேதியைப் படிக்கவைக்கும், பைதானிலேயே இருக்கும் வசதி அது. இன்று காலை புது ப்ராஜெக்ட் தொடங்கினேன். முதலில் இன்ஸ்டால் செய்தது டேட்யூட்டில், இரண்டாவதாக எழுதியது அந்த ஐஎஸ்டி வரி.