கடற்கரை மணலில் ஆறு வருடம்: என் பிக்கப் அனுபவம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இந்த டீசல் பிக்கப்பை வாங்கி ஆறு வருடம் முடிந்துவிட்டது. வருடத்துக்கு மூன்று முறையாவது கரி (K'gari) தீவுக்குப் போய்விடுவோம். ஃப்ரேசர் தீவு என்றிருந்த பெயர் 2023-ல் அதிகாரபூர்வமாக மாறியது. உலகிலேயே பெரிய மணல் தீவு. கிழக்குக் கரையில் கடற்கரைதான் நெடுஞ்சாலை. வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், சின்ன விமானம்கூட அதே மணலில் இறங்கும்.

முதல் பயணத்திலேயே புதைந்தேன். இன்ஸ்கிப் முனையில் படகு ஏறும் இடத்துக்கு முன்னால் மணல் மாவு மாதிரி இருக்கும். டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கிவிட்டேன். பின்சக்கரம் லேசாகச் சுழன்றதுமே, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எஞ்சினை அடக்கியது. மழையில் நனைந்த தார்ச்சாலையில் உயிரைக் காக்கிற அமைப்பு அது. மணலிலோ, உந்துதல் வேண்டிய நொடியில் அதைப் பிடுங்கிவிடுகிறது. நான் மிதிக்க மிதிக்க வண்டி முனகிக்கொண்டே அச்சு வரை இறங்கியது.

பின்னால் வந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இறங்கிவந்து குனிந்து டயரைப் பார்த்தார். "தம்பி, காத்தை இன்னும் இறக்கும். பதினாறுக்குக் கொண்டு வாரும். அந்த பட்டனையும் அமத்திப் பிடியும்" என்றார். டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கும் பட்டனைத்தான் சொன்னார். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை மண்வெட்டியால் வழித்தெடுத்துவிட்டு மெதுவாகக் கிளப்பினேன். வண்டி அலுங்காமல் ஏறி வந்தது.

காற்று குறைந்த டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். பாரம் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலே உருளும். ஆனால் அந்தக் காற்றில் சடாரென்று திருப்பக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

என் வண்டிக்கு இதெல்லாம் தெரியாது. 18-க்கு இறக்கினால் காற்று குறைவென்று நாள் முழுக்க மஞ்சள் விளக்கும் 'பீப்' சத்தமும். சென்ற வருடம் நண்பரின் புது வண்டியை ஓட்டினேன். மணல் மோடு போட்டால் சக்கரம் கொஞ்சம் சுழல விடுகிறது, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் காற்றைப் பற்றி அதுவும் கேட்பதில்லை. பின்தொட்டியிலேயே ஒரு கம்ப்ரஸர் இருக்க வேண்டும். மணல் என்று சொன்னால் வண்டியே காற்றை இறக்கி, எச்சரிக்கை அளவையும் மாற்றிக்கொண்டு, தார்ச்சாலை வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும். அடுத்தது ஓதம். அங்கே கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் ஓட்டச் சொல்வார்கள். அத்தனை பெரிய திரையில் அந்த நேரம் வராதது எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே பார்த்துக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போகிறேன்.

சரி, இதையெல்லாம் சமாளித்துவிடலாம். உப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. மூன்றாம் வருடம் டிரெய்லர் பிளக்கைத் திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. பின்கேமரா மங்கிப்போனது. நான்காம் வருடம் பிரேக் டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டில் விரல் வைத்தேன், அப்பளம் மாதிரி உடைந்தது. ஒவ்வொரு பயணமும் முடிந்த அன்றே அடிப்பாகத்தைக் கழுவியும் இந்தக் கதி. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குள்ளே போகும் ஈரமணலுக்கு வெளியே வர வழியில்லை, அது அங்கேயே உட்கார்ந்து அரிக்கிறது. 1935-ல் அந்தக் கரையில் ஒதுங்கிய மகேனோ கப்பலின் எலும்புக்கூட்டைக் கடந்துபோகும்போதெல்லாம் என் சேசிஸ்தான் நினைவுக்கு வரும்.

கடற்கரைக்கென்று ஒரு பிக்கப் வடிவமைப்பவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: சேசிஸுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய், வீட்டு ஹோஸை மாட்ட வெளியே ஒரு வாய், மணல் கொட்ட அடியில் பெரிய துளைகள், ஒயர் இணைப்புகள் எல்லாம் சக்கரத்துக்கு மேலே. சென்சார் நாலு குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போதைக்கு ஓடுகிறது. வருகிற மாதம் இடது பக்கத் தகட்டையும் மாற்றிவிட்டு, பள்ளி விடுமுறைக்கு மறுபடி கிளம்புகிறோம். காற்று அளக்கும் மீட்டரை இப்போதெல்லாம் என் மகள்தான் பிடிக்கிறாள்.