வயர்லெஸ் பென் மெஷின்: வாங்கும் முன் எதை ஒப்பிட வேண்டும்?

வயர்லெஸ் பென் என்பது பேனா வடிவில், ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் டாட்டூ மெஷின். டாட்டூ தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் "அண்ணா, எந்த வயர்லெஸ் பென் வாங்கலாம்?" என்று கேட்டால், "லைன் அதிகம் போடுவாயா, ஷேடிங் அதிகமா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புதிது. விலை, கலர், டிஸ்பிளே எல்லாம் பார்த்திருப்பார்கள். ஸ்ட்ரோக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊசி மேலிருந்து கீழே இறங்கும் தூரம்தான் ஸ்ட்ரோக். 2.5 முதல் 3 மி.மீ. வரை என்றால் போர்ட்ரெய்ட், மென்மையான ஷேடிங். 3.5 எல்லா வேலைக்கும் ஓரளவு ஒத்துவரும். 4-ம் அதற்கு மேலும் தடித்த லைனுக்கும் கலர் நிரப்பவும். செயேன் கம்பெனியின் சோல் நோவா அன்லிமிடெட் என்ற வயர்லெஸ் பென் 3.5, 4 என இரண்டு அளவிலும் வருகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் மணிக்கட்டில் பெயர் எழுதச் சொல்பவர்கள். தமிழ் எழுத்தில் ண, ழ மாதிரி சுழிகளைச் சின்ன அளவில் போடும்போது நீள ஸ்ட்ரோக்கில் கை கொஞ்சம் தயங்கினாலும் மை தோலுக்கடியில் பரவிவிடும். அதனால் எனக்கு 3.5 போதும்.

ஸ்ட்ரோக்கை மாற்றிக்கொள்ளும் மெஷின் ஒன்றும் வைத்திருந்தேன், மலிவு விலையில். முதலில் நன்றாகத்தான் ஓடியது. போகப்போகத் திருகும் பகுதி லூஸாகி, சத்தம் கூடி, ஊசி லேசாக ஆட ஆரம்பித்தது. நகரும் பாகம் கூடினால் தேய்மானமும் கூடும். இப்போது அது செயற்கைத் தோலில் பழகுகிறவர்களுக்கு.

டிஸ்பிளேயில் காட்டும் வோல்ட்டை வைத்து ஒப்பிடாதீர்கள். மோட்டார் மாறினால் அதே 7 வோல்ட்டில் வேகமும் மாறும். கவனிக்க வேண்டியது பேட்டரி. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் குறைந்த வோல்ட்டுக்கானது. பெரிய மேக்னம் (பல ஊசிகளை அகலமாக அடுக்கியது) போட்டு அழுத்தி வேலை செய்தால் சீக்கிரம் இறங்கும். சார்ஜ் குறையும்போது வேகமும் தளர்கிறதா என்று பாருங்கள். நல்ல மெஷின் கடைசி வரை ஒரே சீராக அடிக்கும். பேட்டரி கழற்றி மாட்டுவதாக இருந்தால் மிக நல்லது. உள்ளேயே பதித்தது என்றால் அது செத்த அன்று மெஷினும் கூடவே ஓரமாகப் போகும்.

எடையை விட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும். பின்பக்கம் நீண்ட பேட்டரி இருந்தால் முனை மேலே தூக்கும், மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். குட்டையான, தடித்த கிரிப் எனக்கு ஒத்துப்போகிறது.

ஒரு வேடிக்கை: 1891-ல் சாமுவேல் ஓ'ரெய்லி நியூயார்க்கில் பேடன்ட் வாங்கிய டாட்டூ மெஷினுக்கு மூலம் எடிசனின் மின்பேனா. அந்தப் பேனாவும் பேட்டரியில்தான் ஓடியது, ஒயர் வழியாக.

சுத்தத்தில் சமரசம் வேண்டாம். பேட்டரியும் மோட்டாரும் உள்ள உடலை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைக்க முடியாது. அதனால் கிரிப் தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் மெஷினுக்கு ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கவர் போட்டுத்தான் ஆக வேண்டும். ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜில் மெம்பிரேன் (உள்ளே ஏறாமல் தடுக்கும் சவ்வு) இல்லாவிட்டால் மையும் ரத்தமும் மெஷினுக்குள் ஏறிவிடும். அப்புறம், டாட்டூ கன்வென்ஷனுக்கு விமானத்தில் போகிறவர்கள் உபரி பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் அனுமதி கிடையாது.