ஜெர்மனியில் பணப் பேச்சு: மனப்பாடமா, ஏடிஎம் திரையா?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்ளும் வங்கிச் சொல் ஒன்று உண்டு: ஷ்பெர்கோண்டோ. ஒரு வருடச் செலவுக்கான பணத்தைப் போட்டுப் பூட்டி வைக்கும் கணக்கு. மாதாமாதம் அளவாகத்தான் எடுக்க முடியும். அதற்கு அப்புறம் வரும் சொற்களைப் பிடிக்க இரண்டு வழிகளில் முட்டி மோதியிருக்கிறேன்.

முதலாவது மனப்பாடம். "இஷ் மோஷ்ட ஐன் கோண்டோ எர்ஒஃப்னன்", அதாவது கணக்கு தொடங்க வேண்டும். நாலு நாள் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு வங்கிக்குப் போனேன். பிசிறில்லாமல் வந்தது. கவுன்டரில் இருந்த அம்மா, "ஹாபன் ஸீ ஐனன் டெர்மீன்?" என்றார். முன்பதிவு இருக்கிறதா என்று கேட்கிறார். என் பட்டியலில் அந்த டெர்மீன் இல்லை, முழித்தேன். ஆனால் உணவகத்தில் மனப்பாடம் கைகொடுக்கும், அங்கே கேள்வி மாறுவதே இல்லை. "ட்ஸுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?" என்றால் பில் சேர்த்தா, தனித்தனியா. மீதி வேண்டாம் என்றால் "ஷ்டிம்ட் ஸோ".

இரண்டாவது வழி, ஏடிஎம்மையும் வங்கிச் செயலியையும் ஆங்கிலத்துக்கு மாற்றாமல் ஜெர்மனிலேயே விட்டுவிடுவது. ஏடிஎம்மில் சிவப்புப் பொத்தான் அப்ப்ருஹ், மஞ்சள் கொரெக்டூர், பச்சை பெஷ்டேடிகுங். ரத்து, திருத்தம், உறுதி என்று நிறமே சொல்லிவிடுகிறது. ஐன்ட்ஸாலுங் பணம் போடுவது, அவுஸ்ட்ஸாலுங் எடுப்பது. ஐன் உள்ளே, அவுஸ் வெளியே. இரண்டு தடவை பார்த்தால் போதும்.

செயலியில்தான் உண்மையான லாபம். டவர்அவுஃப்ட்ராக், லாஸ்ட்ஷ்ரிஃப்ட் இரண்டுமே மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு என்றுதான் மனப்பாடச் சொற்பட்டியல்கள் சொல்லும். செயலியில் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். முன்னது நாம் தொகையும் தேதியும் குறித்து அனுப்புவது, வாடகைக்கு வசதி. பின்னது நாம் கொடுத்த அனுமதியை வைத்து எதிர்த்தரப்பே எடுத்துக்கொள்வது, கரண்ட் பில், ஜிம் மாதிரி. இப்படி எடுத்ததை 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். நாமே அனுப்பியதற்கு அந்தச் சலுகை கிடையாது. (பணம் அனுப்புவதற்கு ஊபர்வைஸுங் என்று பெயர். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதித் தரும் சீட்டுக்கும் அதே பெயர்தான். ஆஸ்பத்திரியில் கேட்டால் பர்ஸைத் தேட வேண்டாம்.)

சரி, திரையே போதுமா? போதாது, அது வாயைத் திறப்பதில்லை. நாம் நாற்பத்தேழு என்பதை அவர்கள் "ஸீபன் உன்ட் ஃபியர்ட்ஸிஷ்", ஏழும் நாற்பதும் என்பார்கள். காதில் ஏழு விழுந்ததும் கை 7 எழுதிவிடும். 47க்குப் பதில் 74 எழுதிக் கொடுத்து அசடு வழிந்திருக்கிறேன். எழுத்திலும் தலைகீழ்தான், புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறிவிடும்: 1.250,50 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ, ஐம்பது சென்ட். எண்களுக்கு மட்டும் யாராவது வாய்விட்டுச் சொல்ல, நாம் எழுதிப் பழக வேண்டும்.

என் ஓட்டு திரைக்குத்தான். ஒரே ஒரு வங்கி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், ஏனென்றால் அது தேவைப்படும் நேரத்தில் கையில் கார்டே இருக்காது. கார்டை முடக்கும் அவசர எண்ணான 116 116க்குப் போன் போட்டு, "இஷ் மோஷ்ட மைன கார்ட ஷ்பெரன் லாஸன்." கார்டைப் பூட்டச் சொல்கிறோம், ஷ்பெர்கோண்டோவில் இருக்கும் அதே ஷ்பெர்.