பேனாவுக்குப் பித்தளையா, அலுமினியமா, எஸ்.எஸ்ஸா?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறைகளில் கேட்டுப் பார்த்தால் 12 மி.மீ. ராடு மிச்சத் துண்டு ஒன்றிரண்டு தேறும். கையில் கிடைத்த துண்டு எதுவானாலும் பேனா ஆக்கிவிடலாம் என்று இறங்கினால், அது 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கும்போது மாட்டிக்கொள்வோம்.

முதலில் எடை. 130 மி.மீ. நீளம், 11 மி.மீ. வெளிவிட்டம், உள்ளே 6.2 மி.மீ. துளை என்று வைத்துக்கொண்டால் பித்தளை சுமார் 72 கிராம், எஸ்.எஸ். 67, டைட்டானியம் 37, அலுமினியம் 23. கையெழுத்துப் போட மட்டும் என்றால் 72 கிராம் அழகுதான். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவருக்கு விரல் வலிக்கும்.

எந்த உலோகமானாலும் உடலை இரண்டு துண்டாகப் பிரிப்பதே புத்திசாலித்தனம். பார்க்கர் வகை ரீஃபில் ஏறக்குறைய 98 மி.மீ. நீளம். சாதாரண 6.2 மி.மீ. டிரில்லில் சுருள்பள்ளம் (வெட்டிய துகள் வெளியேறும் வழி) 63 மி.மீ. தான். ஒரே துண்டில் போட்டால் நீள டிரில் வேண்டும், அது வளைந்து துளை ஓரம் போகும். முன்பாதி, பின்பாதி எனப் பிரித்தால் கடையில் கிடைக்கும் டிரில்லே போதும்.

பித்தளை வெட்டச் சுகம். வாங்கும்போது ஃப்ரீ கட்டிங் பித்தளை என்று கேட்க வேண்டும். ஈயம் கலந்திருப்பதால் பிசிறு (வெட்டும்போது வரும் துகள்) பொடியாக உதிரும், எண்ணெயும் தேவைப்படாது. வம்பு டிரில்லில்தான். கூரான டிரில் பித்தளையைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பிடித்திருக்கும் டெயில்ஸ்டாக் சக்கில் (லேத்தின் பின்பக்கக் கவ்வி) டிரில் சுழலும், இல்லாவிட்டால் ராடே அதன் சக்கில் நழுவும். டிரில்லின் இரண்டு வெட்டு விளிம்பையும் எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு நேராகத் தேய்த்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய தட்டைக் கோடு விழ வைத்தால் இழுப்பு நின்றுவிடும். அந்த டிரில்லைப் பித்தளைக்கென்றே தனியாக வையுங்கள், எஸ்.எஸ்ஸில் அது வெட்டாது. பிசிறு ஊசி மாதிரி பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்க வேண்டாம்.

அலுமினியத்தில் 6061 அல்லது ஹெச்.இ. 30 ரகம் நல்லது. ஜன்னல் ஃப்ரேம் வெட்டிய மிச்சம் மெத்தென்று இருக்கும். டூல் முனையில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும். சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டால் ஒட்டாது. ஐந்து மி.மீ.க்கு ஒருமுறை டிரில்லை வெளியே இழுத்துப் பிசிறைத் தட்ட வேண்டும், இல்லையேல் பள்ளம் அடைத்து டிரில் உள்ளேயே இறுகி முறியும். அனோடைஸ் (மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) பண்ணாத அலுமினியம் விரலில் சாம்பல் கறை விடும், இது பலருக்குப் பிடிப்பதில்லை.

304 எஸ்.எஸ். வீட்டு மினி லேத்துக்கு ஆகாது. டிரில்லை அழுத்தாமல் ஒரு கணம் உரச விட்டாலும் துளையின் அடி கெட்டிப்பட்டு கண்ணாடி மாதிரி மின்னும். கீச்சென்று சத்தம் வந்தால் காரியம் கெட்டது. அடுத்த டிரில்லும் கடிக்காது. கட்டாயம் எஸ்.எஸ். தான் என்றால் கந்தகம் கலந்த 303 வாங்கி, கோபால்ட் டிரில், 500 ஆர்.பி.எம். வாக்கில், கட்டிங் ஆயிலோடு விடாமல் அழுத்திப் போக வேண்டும். துண்டு வெட்ட பார்ட்டிங் டூலை நம்பாமல் ஹாக்ஸா எடுப்பது மேல். டைட்டானியத்தின் மெல்லிய பிசிறு தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. முதல் பேனாவுக்கு வேண்டாம்.

இரண்டு பாதியையும் இணைக்கும் மரை எம் 9 (9 மி.மீ. விட்டம்), பிட்ச் (புரிகளின் இடைவெளி) 0.75 மி.மீ. சரிவரும்: உள்மரை வெட்டும் டேப்புக்கு 8.25 மி.மீ. துளை, ஆண் மரையின் (வெளிமரை) அடியில் சுவர் 0.9 மி.மீ.க்குக் குறையாது. எம் 8 போட்டால் அரை மி.மீ.கூட மிஞ்சாது, பேனா கீழே விழுந்தால் அங்கேதான் ஒடியும். அலுமினியத்துக்குள் அலுமினியம், எஸ்.எஸ்ஸுக்குள் எஸ்.எஸ். முறுக்கினால் மரை ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் நாங்கள் சொல்வது கலப்புதான்: முன்பாதி பித்தளை, பின்பாதி அலுமினியம். சுமார் 48 கிராம் வரும், கனம் முனைப்பக்கம் தங்கும், மரையும் இறுகாது. மரையில் வியர்வை இறங்கி அரிக்காமல் இருக்கத் துளி மெழுகு தடவிவிடலாம்.

முனைத்துளையைக் கடைசியாகப் போடுங்கள். ரீஃபில் முனையை வெர்னியர் அளவுகோலில் அளந்து 0.1 மி.மீ. மட்டும் கூட்டுங்கள், அதற்கு மேல் போனால் எழுதும்போது டக்டக்கென்று ஆடும்.