777 போடச் சொன்ன ஹோஸ்டிங்: 3 ஸ்டார்

மூணு வருஷமா இவங்ககிட்ட ஷேர்ட் ஹோஸ்டிங் (ஒரே சர்வர்ல பல பேர் சைட் வச்சிக்கிறது) வச்சிருக்கேன், அஞ்சு சைட், எல்லாமே சென்னைல இருக்கிற சின்னக் கடைங்களோடது. கம்பெனி பேரு வேணாம். ஸ்பீடு நல்லாருக்கு, சைட் படுத்துக்கிட்டது ரொம்ப கம்மி, ஒருவாட்டி பேக்கப் கேட்டப்ப அன்னிக்கே எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டு ஸ்டார் போனது முழுக்க சப்போர்ட்டால.

நவராத்திரிக்கு மூணு வாரம் இருக்கும்போது சர்வர் மாத்துறோம்னு மெயில் வந்துச்சு. மறுநாள் காலைல மயிலாப்பூர் வடக்கு மாட வீதில கொலு பொம்மை விக்கிற மாமா போன் பண்ணி, "தம்பி, ஆர்டர் ஃபாரத்தை அமுக்குனா ஏதோ 500னு வருதுப்பா, துபாய்லேருந்து ஒரு அம்மா தசாவதாரம் செட்டு கேக்குறாங்க"ன்னாரு. 500ன்னா சர்வர்ல ஏதோ தப்பு, வேலை முடியலன்னு அர்த்தம். அவருக்கு வருஷத்துல யாவாரமே அந்த ஒரு மாசம்தான், எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அந்த ஃபாரம் பெர்ல்ங்கற மொழில எழுதின பழைய ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்), அந்த மாதிரி ஸ்கிரிப்டுக்குன்னே இருக்கிற சிஜிஐ-பின் ஃபோல்டர்ல இருக்கு, பல வருஷமா யாரும் கை வைக்கல.

சாட்ல கேட்டா "பெர்மிஷன் பிரச்சனை சார், ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் 777 போடுங்க"ன்னாங்க. 777ன்னா யாரு வேணாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்னு அர்த்தம். போட்டேன், அதே 500. திரும்பக் கேட்டா வேற ஆளு, அதே 777, கூடவே அவங்க ஹெல்ப் பக்கத்தோட லிங்க்.

அந்த யோசனை ஒரு காலத்துல சரி. பழைய சர்வர்கள்ல ஸ்கிரிப்ட் எல்லாம் 'நோபடி'ங்கற பொது யூசர் பேர்ல ஓடும், அது நம்ம ஃபோல்டர்ல எழுதணும்னா எல்லாருக்கும் எழுதற உரிமை குடுத்தாகணும். புது சர்வர்ல இருக்கிறது சூஎக்ஸெக்ங்கற ஏற்பாடு, ஸ்கிரிப்ட் நம்ம அக்கவுண்ட் பேர்லயே ஓடும், அதனால பாதுகாப்புக்காக ஃபைலையோ அது இருக்கிற ஃபோல்டரையோ மத்தவங்க எழுதலாம்னு இருந்தா ஓட்டவே மாட்டேன்னு நிறுத்திடும். அப்ப 777 போட்டா அதுவே 500 வர்றதுக்குக் காரணம் ஆயிடும்! அது ஓடினாலும் ஆபத்துதாங்க, ஒரே மெஷின்ல நம்மள மாதிரி எத்தனையோ அக்கவுண்ட் இருக்கு, கடைசி 7 அவங்களுக்கும் சேர்த்துக் குடுக்கிற உரிமை. ஒண்டுக்குடித்தனத்துல இருந்துக்கிட்டு வீட்டைப் பூட்டாம ஊருக்குப் போவோமா?

அன்னிக்கு ராத்திரி டிக்கெட் (எழுத்துல புகார்) போட்டேன். நைட் ஷிஃப்ட்ல இருந்த ஒருத்தர் மட்டும்தான் சூஎக்ஸெக் லாகை, அதாவது ஏன் நிறுத்துச்சுன்னு அது எழுதி வைக்கிற பதிவைத் திறந்து பார்த்தாரு (இவங்க ஹோஸ்டிங்ல அது நம்ம கண்ணுக்குத் தெரியாது), 'மத்தவங்க எழுதலாம்னு இருக்கு, அதான் நிக்குது'ன்னு ஒரே வரி அனுப்பினாரு. அவருக்கு மனசார நன்றி. ஃபைலு, ஃபோல்டர் ரெண்டுக்கும் 755 (எழுதறது நாம மட்டும், மத்தவங்க படிக்கலாம், ஓட்டலாம்) போட்டேன்.

அப்பவும் 500! இந்தவாட்டி அவரு பார்த்த லாக்ல 'அப்படி ஃபைலே இல்ல'ன்னு இருந்துச்சு, ஃபைல் கண்ணு முன்னாடியே இருக்கு. அரைமணி நேரம் முழிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மத்தியானம் மெயில் ஐடி மாத்துறதுக்காக விண்டோஸ்ல திறந்து சேவ் பண்ணி ஏத்தியிருந்தேன். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை சேர்க்குது, ஸ்கிரிப்டோட முதல் வரில பெர்ல் எங்க இருக்குன்னு சொல்ற பாதையோட அதுவும் ஒட்டிக்கும், சர்வர் அந்தப் பேர்ல பெர்லைத் தேடும், கிடைக்காது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல வரி முடிவை யூனிக்ஸ்னு மாத்தி ஏத்தினதும் ஃபாரம் ஓடிடுச்சு. துபாய் அம்மாவோட ஆர்டரும் மறுநாள் வந்துச்சு.

இதே கம்பெனில இருக்கிறவங்க, 500 வந்தா முதல்ல எரர் லாகைப் பாருங்க, அப்புறம் சாட்டுக்குப் போங்க. ஃபோல்டர் 755, பெர்ல் ஸ்கிரிப்ட் 755, பிஎச்பி, எச்டிஎம்எல் ஃபைலுக்கு 644 (நாம எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்) போதும், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிற ஃபைலுக்கு 600 (நம்மளத் தவிர யாருக்கும் உரிமை இல்ல) போட்டுடுங்க, சூஎக்ஸெக் மாதிரி நம்ம பேர்லயே ஓடுற இடத்துல அது சரியா வேலை செய்யும். லாக்ல காரணம் தெளிவா இல்லன்னா சாட் வேணாம், டிக்கெட் போட்டு 'சூஎக்ஸெக் லாகைப் பார்த்து சொல்லுங்க'ன்னு குறிப்பாவே கேளுங்க.

ஒரு வருஷத்துக்கு மட்டும் ரின்யூ பண்ணியிருக்கேன். அந்த ஹெல்ப் பக்கத்தை மாத்துங்கன்னு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு, இன்னிக்குக் காலைல பார்த்தப்பவும் அதுல 777தான் இருக்கு. மாத்தினாங்கன்னா நானே வந்து இன்னொரு ஸ்டார் போடுறேன்.