பாத் ஊரு ரோமன் பாத்ஸ் - டிக்கெட் காசுக்கு வொர்த்தா?

மொதல்லயே சொல்லிடுறேன், இது ரோமானியர் வெந்நீர் ஊத்துக்கிட்ட கட்டுன பழங்காலக் குளியல் கூடம், இப்போ மியூசியம், இங்க குளிக்க முடியாது, தண்ணிய தொடக்கூட கூடாது. இது தெரியாம டவல் எடுத்துட்டு வந்து முழிக்கிறவங்களும் உண்டு. இங்கிலாந்துல லண்டன் பேடிங்டன்ல ட்ரெயின் ஏறினா ஒண்ணரை மணி நேரத்துல பாத் வந்துடும், ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம்தான்.

என்னைக் கேட்டா காசுக்கு தாராளமா வொர்த், ஆனா பொறுமையா பாக்குறவங்களுக்கு மட்டும். நடுவுல இருக்குற பெரிய பச்சைக் குளத்துக்கிட்ட நாலு போட்டோ எடுத்துட்டு இவ்ளோதானான்னு கெளம்புறவங்களுக்கு தண்டச் செலவு. சொல்லப்போனா அந்தப் பச்சையே ரோமானியர் காலத்துது இல்ல, அப்போ மேல கூரை இருந்துச்சு, இப்ப தொறந்து கெடக்குறதால வெயில் பட்டு பாசி புடிக்குது. மேல வரிசையா நிக்கிற சிலைங்களும் 19ஆம் நூற்றாண்டு விக்டோரியா ராணி காலத்து வேலைதான், தூணோட அடிப்பாகத்துக்குக் கீழ இருக்குறதுதான் அசல். குளத்துக்கு அடியில போட்ட 45 ஈயத் தகடுங்க இன்னமும் தண்ணிய புடிச்சு வெச்சிருக்கு!

உண்மையான சரக்கு உள்ள இருக்குற மியூசியத்துலதான். சூடான ஊத்து, 46 டிகிரி, ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல வந்துக்கிட்டே இருக்கு. மிச்சத் தண்ணி ஒரு கல் வளைவு வழியா கொட்டுற எடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, இரும்புச் சத்து படிஞ்சு கல்லெல்லாம் ஆரஞ்சு கலர்ல இருக்கும், ஆவி மூஞ்சில அடிக்கும், ரோமானியர் கட்டுன அதே வடிகால்தான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது சாபத் தகடுங்க. சுலிஸ் மினெர்வான்ற அம்மனுக்கு ஈயத் தகட்டுல கிறுக்கி ஊத்துல போட்டுருக்காங்க, கிட்டத்தட்ட 130 கெடச்சிருக்கு. முக்கால்வாசி திருட்டு கேஸ்தான். டோசிமெடிஸ்னு ஒருத்தரு, ரெண்டு கையுறை காணாமப் போச்சாம், எடுத்தவனுக்கு புத்தியும் கண்ணும் போகணும்னு எழுதிருக்காரு, ஒரு ஜோடி கையுறைக்கு மண்ணை வாரித் தூத்துற அளவுக்கு கோவம் பாருங்க. ராஜா கல்வெட்டையெல்லாம் விட இதுதான் எனக்கு அந்தக் காலத்து ஆளுங்கள பக்கத்துல காட்டுச்சு. மினெர்வாவோட தங்க முலாம் பூசுன வெண்கலத் தலையும் இங்கதான், 1727ல தோண்டும்போது கெடச்சது.

கடைசில குடிச்சுப் பாக்க ஊத்துத் தண்ணி வெச்சிருக்காங்க, சுத்திகரிச்சதுதான், பயப்பட வேணாம். வெதுவெதுன்னு இரும்பு ருசி, ஒரு மடக்குக்கு மேல எனக்கு எறங்கல.

ஆடியோ கைடு டிக்கெட்லயே அடக்கம், காதுல மாட்டிக்காம சுத்தாதீங்க, பாதி வெறும் கல்லாத்தான் தெரியும். வீக்எண்ட்ல டிக்கெட் ரேட்டு ஏறும், மதியம் கூட்டமும் ஜாஸ்தி, அதனால வாரநாள்ல தொறந்த உடனே போயிடுங்க. குளத்தைச் சுத்தி பழைய கல்லுத் தரை, மேடும் பள்ளமுமா இருக்கும், வயசானவங்க இருந்தா கையப் புடிச்சுக்கங்க.

அந்த வெந்நீர்ல எறங்கியே ஆகணும்னா பக்கத்துலயே தெர்மே பாத் ஸ்பா இருக்கு, 2006ல தொறந்தது, மொட்டை மாடில நீச்சல் குளம், அதுக்கு தனி டிக்கெட். பிறை மாதிரி வளைஞ்ச பழைய வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட்டும், ஆத்து மேல இருக்குற பல்ட்னி பாலமும் வெளிய நின்னு பாக்க காசு இல்ல, நேரம் மிச்சம் இருந்தா ஒரு நடை போயிட்டு வாங்க.