இரண்டாம் சனிக்கிழமை அமர்வுகள்: ஆறு மாதம் மகளை அனுப்பிய ஒரு தாயின் மதிப்புரை

புதுக்கோட்டையில் ஒரு கிளை நூலகத்தின் மாடியில், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கென்று ஓர் அமர்வு நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நான்கு பேர் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு பெண்மணி வந்து, தாம் கடந்து வந்த ஒரு நெருக்கடியைப் பற்றிப் பேசுவார்; பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கட்டணம் 50 ரூபாய்; சுண்டலும் தேநீரும் அதிலேயே அடக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளை ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு அமர்வுகளுக்கும் அனுப்பினேன். தாய்மார்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஆகவே நான் எழுதுவதெல்லாம் நேரில் கேட்டவையே.

ஜூன் மாதம் வகுப்பில் அவளுடைய சீருடையில் கறை பட்டுவிட்டது, சிலர் சிரித்துவிட்டார்கள். இரண்டு நாள் பள்ளிக்குப் போக மறுத்தவள், பிறகு போனாலும் கோ-கோ அணியிலிருந்து விலகிக்கொண்டாள். கரும்பலகைக்கு எழுந்து வரச் சொன்னாலும் தயங்குவதாக வகுப்பாசிரியை சொன்னார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நான் தேற்றத் தேற்ற, என்னிடம் பேசுவதையும் அவள் குறைத்துக்கொண்டாள். அந்த நிலையில்தான் ஒரு தோழி இந்த அமர்வைப் பற்றிச் சொன்னார்.

ஆகஸ்ட் மாத அமர்வு ஒன்றுக்காகவே இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பேன். அன்று பேசியவர் இளவயதில் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். 1991-92இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைப்பில், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்த கதை. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு நகருக்குள் ஓட்டி வந்ததை இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அந்த அம்மாவின் பேச்சு ஊர்வலத்துக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன்னால் நடந்த சில வாரங்களைத்தான் அவர் அத்தனை நிதானமாகச் சொன்னார்.

பெண்கள் சைக்கிள் எளிதில் கிடைக்காததால், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில் பழகியது, சேலையைச் சற்றே தூக்கிச் செருகுவதற்கே வெட்கப்பட்டு, இருட்டிய பிறகு நெற்களத்தில் ஓட்டியது, மூன்றாம் நாள் தேநீர்க் கடை வாசலில், பத்து ஆண்கள் பார்க்க, வண்டியோடு சாய்ந்து விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவரை, என் மகள் வயதிருக்கும் ஒரு பெண் இடைமறித்து, "அழுதீங்களா அப்பத்தா?" என்று கேட்டாள். "அழுதேன். ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளியவே வரலை" என்றார் அவர். இரண்டு நாள் என்றதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் எப்படி வெளியே வந்தார் என்பதுதான் பிள்ளைகளின் அடுத்த கேள்வி. தம்மைவிட அதிகமாக விழுந்து, முழங்காலில் மஞ்சள் பற்றோடு நின்ற பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டதால் போனதாகவும், அதே தேநீர்க் கடை வழியாகப் போக மனம் வராமல் ஒரு மாதம் சுற்றுவழியிலேயே ஓட்டியதாகவும் அவர் சொன்னார். அந்தச் சுற்றுவழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பயத்தை வென்றேன் என்று சொல்லிவிட்டு நகராமல், அது இருந்தபோது என்ன செய்தேன் என்று சொல்ல வாழ்ந்து பார்த்தவர்களால்தான் முடியும். பின்னாளில் முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனேன் என்று அவர் முடித்தபோது, அது சாதனையாகத் தோன்றாமல் இயல்பான அன்றாட வேலையாகவே தோன்றியது.

செப்டம்பரில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வந்தார். தம்மைத் திட்டி அனுப்பிய வீட்டுக்கே மறு ஆண்டு தடுப்பூசி போடப் போன கதையைச் சொன்னார். அதுவும் நன்றாகவே இருந்தது.

அக்டோபர் அமர்வு முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியது. இந்த ஊரில் 1886இல் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்பை மீறி, அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியோடு சேர்ந்தவர். அப்படிப்பட்டவரின் வாழ்க்கையைப் பேச வந்தவர், 1912இல் மருத்துவப் பட்டம், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், 1956இல் பத்ம பூஷண் என்று பட்டியலாக வாசித்துவிட்டார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர் என்றும், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது என்றும் சொல்லப்பட்டபோது மட்டும் ஒரு பெண், "இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தார்?" என்று கேட்டாள். நிதி கேட்டு அலைந்ததையும், அரசிடம் மன்றாடியதையும் விரித்துச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். நவம்பரில் வந்த தொழில்முனைவோரும் விற்றுமுதலைப் பற்றியே பேசினார். பேச வருபவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து, விழுந்த இடத்தைச் சொல்லுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. 5.30க்கு முடிவதால், கிராமத்துப் பிள்ளைகள் வீடு திரும்பப் பேருந்து கிடைக்காமல் வருவதில்லை. இருக்கும் 25 இடங்களில் பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகளே உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் நடத்தினால் இது தீரும். டிசம்பரில் ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு முடிந்ததும் தனக்குக் கல்யாணம் பேசுவதாகச் சொல்லி அழுதுவிட்டாள். ஆசிரியைகள் உடனே அமர்வை நிறுத்தி, அவளைத் தனியே அழைத்துப் பேசி, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பலகையில் பெரிதாக எழுதினார்கள். அந்தப் பொறுப்புணர்வைப் பாராட்டுகிறேன். இருந்தாலும் மனம் திறக்கச் சொல்லும் இடத்தில், அதைத் தாங்கிப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது உடனிருப்பது அவசியம்.

என் மகளைப் பொறுத்தவரை, கோ-கோ அணிக்கு அவள் இன்னும் திரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கரும்பலகைக்கு எழுந்து போகிறாள் என்று ஆசிரியை சொன்னார். நவம்பரில் ஒரு நாள், வகுப்புத் தோழிக்கு அதேபோல் கறை பட்டபோது, தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் கட்டி வீடு வரை கூடவே நடந்து போனதாக, கேட்காமலே என்னிடம் சொன்னாள்.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். இரண்டரை மணி நேரம் அவர்களால் உட்கார முடியாது. இடம் வேண்டுபவர்கள் அமர்வுக்கு முந்திய புதன்கிழமைக்குள் நூலகரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். ஜனவரிக்கு நாங்கள் கொடுத்துவிட்டோம்.